சேலத்து வெயிலில் ஒரு சோலார் பேனல் தன்னைச் செய்த மின்சாரத்தைத் திருப்பித் தர எத்தனை மாதம்?

சேலத்தில் யாராவது மொட்டை மாடியில் சோலார் போடப் போவதாகச் சொன்னால், பேச்சுக்கு நடுவில் எப்படியும் ஒருவர் இதைச் சொல்லிவிடுவார்: "அந்தப் பேனலைச் செய்யறதுக்கு ஆகுற கரண்ட்டை அது ஆயுசுக்கும் திருப்பித் தராதுங்க." விவரம் தெரிந்தவர் சொல்வது போலவே இருப்பதால் பலரும் நம்பிவிடுகிறார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் இந்தச் சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. இன்றைக்கு விற்கும் பேனலுக்கு இது கொஞ்சமும் பொருந்தாது. நம் ஊர் வெயிலில் ஒரு பேனல் ஏறக்குறைய ஓராண்டுக்குள் அந்தக் கடனை அடைத்துவிடுகிறது. அதன் பிறகு இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு அது தருவதெல்லாம் லாபம். சும்மா சொன்னால் யாரும் ஏற்க வேண்டியதில்லை, கணக்கைப் பார்ப்போம்.

முதலில் ஒரு குழப்பத்தை விலக்கிவிட வேண்டும். போட்ட பணம் திரும்ப வரும் காலம் வேறு, செலவான ஆற்றல் திரும்ப வரும் காலம் வேறு. பணக் கணக்கு மின்கட்டணத்தையும் மானியத்தையும் பொறுத்தது. 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பதால், குறைவாகப் புழங்கும் வீட்டுக்குப் போட்ட முதல் மெதுவாகத்தான் திரும்பும், அதிகம் புழங்கும் வீட்டுக்குச் சீக்கிரம் திரும்பும். ஆற்றல் கணக்குக்கு இந்த வேறுபாடெல்லாம் கிடையாது. பேனலைச் செய்ய இத்தனை யூனிட் செலவானது, அது ஆண்டுக்கு இத்தனை யூனிட் தருகிறது, எத்தனை காலத்தில் இரண்டும் சமமாகும்? கேள்வி அவ்வளவுதான்.

கணக்குப் போடும்போது பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. கண்ணாடி உலையில் எரியும் வாயுவின் வெப்பமும், கம்பியில் வரும் மின்சாரமும் ஒரே மதிப்புள்ளவை அல்ல. அனல்மின் நிலையத்தில் சுமார் மூன்று பங்கு வெப்பத்தை எரித்தால்தான் ஒரு பங்கு மின்சாரம் கிடைக்கும். செலவுப் பக்கத்தில் வெப்பத்தை அப்படியே எழுதிவிட்டு, வரவுப் பக்கத்தில் மின்சாரத்தை எழுதினால் பேனல் நஷ்டக்காரன் போலத் தெரியும். அதனால் இங்கே எல்லாவற்றையும் மின்சார யூனிட்டாகவே மாற்றிக்கொள்கிறேன். வெப்பமாகச் செலவானதை மூன்றால் வகுத்துச் சேர்க்கிறேன்.

சரி, 1 கிலோவாட் பேனலை எடுத்துக்கொள்வோம். இன்றைய பேனலில் அது ஏறக்குறைய நாலே முக்கால் சதுர மீட்டர் பரப்பு, ஐம்பது கிலோவுக்குச் சற்று மேல் எடை. இந்த எடையில் பெரும்பகுதி கண்ணாடி. மின்சாரம் தயாரிக்கும் சிலிக்கான் இரண்டு கிலோதான் ஆகிறது. ஆனால் ஆற்றலை அதிகம் விழுங்குவது அந்த இரண்டு கிலோதான்.

சிலிக்கானுக்கு மூலப்பொருள் ஆற்று மணல் என்று பலர் நினைக்கிறார்கள். தூய குவார்ட்ஸ் கல்தான் அதற்குத் தேவை. சேலம், நாமக்கல் பக்கத்துக் காடுகளில் வெள்ளை வெளேரென்று கிடக்குமே வெங்கச்சங்கல், அந்த இனம். அதைக் கரியோடு சேர்த்து மின்வில் உலையில் 1900 டிகிரிக்கு மேல் காய்ச்சும்போது ஆக்சிஜன் பிரிந்து சிலிக்கான் தேறும். கிலோவுக்குச் சுமார் 12 யூனிட் ஆகும். அது 98, 99 சதவீதம் தூய்மையானது. பேனலுக்கு அது போதாது. அந்தச் சிலிக்கானை அமிலத்தோடு சேர்த்து ஆவியாகும் திரவமாக்கி, காய்ச்சி வடித்து, பிறகு சுமார் 1100 டிகிரியில் சிவந்து நிற்கும் மெல்லிய சிலிக்கான் தண்டுகளின் மேல் திரும்பப் படிய வைக்கிறார்கள். தண்டு நாள்கணக்கில் பருத்துக்கொண்டே போகும். அத்தனை நேரமும் மின்சாரத்தால் அதைச் சூடாக வைத்திருக்க வேண்டும். முன்பு இதற்குக் கிலோவுக்கு 100 முதல் 200 யூனிட் வரை ஆனது. இன்று நல்ல ஆலைகளில் 50, 60 யூனிட்டுக்கு வந்துவிட்டது. அதன் பிறகு அதை உருக்கி ஒற்றைப் படிகமாக இழுக்கக் கிலோவுக்கு இன்னும் 30 யூனிட் போல ஆகும்.

ஆக, இடையில் போகும் சேதாரத்தையும் சேர்த்து, கல்லை உருக்க 30, தூய்மையாக்க 130, படிகமாக்க 65 என்று சிலிக்கானுக்கு மட்டும் சுமார் 225 யூனிட். அதைத் தாளைப் போல அறுத்து, வெயிலை மின்சாரமாக்கும் செல்லாக்கி, பேனலாகக் கோர்ப்பதற்கு 100 யூனிட் வைத்துக்கொள்ளலாம். செல்லின் மேல் கோடு கோடாகத் தெரிவது வெள்ளி. 1 கிலோவாட்டுக்குச் சுமார் பத்து கிராம். கொலுசுக்குப் பேர்போன செவ்வாப்பேட்டைப் பட்டறைகளுக்கு வெள்ளி விலை ஏறும்போதெல்லாம் இந்தப் பத்து கிராமுக்கும் அதில் பங்கு உண்டு. இன்றைக்கு உலகில் வெள்ளியை அதிகம் வாங்கும் தொழில்களில் சோலாரும் ஒன்று.

அடுத்தது அலுமினியச் சட்டம். சேலத்துக்காரர்கள் நன்றாக அறிய வேண்டிய பகுதி இது. ஏற்காட்டு மலையிலும் கொல்லிமலையிலும் அலுமினியத்தின் தாதுவான பாக்சைட்டை வெட்டி, மேட்டூரில் மதராஸ் அலுமினியம் கம்பெனி, அதாவது மால்கோ, அலுமினியம் உருக்கியது. 1960களில் தொடங்கிய அந்த ஆலை அணைக்குப் பக்கத்தில் அமைந்ததற்கு மின்சாரமும் முக்கியக் காரணம். பாக்சைட்டை உலகில் பல இடங்களில் வெட்டலாம், ஆனால் அதிலிருந்து அலுமினியத்தைப் பிரிக்கக் குறையாத மின்சாரம் வேண்டும். நான்கு டன் பாக்சைட்டில் இரண்டு டன் அலுமினா, அதில் ஒரு டன் அலுமினியம். அலுமினாவைச் சுமார் 950 டிகிரியில் உருகிய கிரையோலைட் உப்பில் கரைத்து, இரவும் பகலும் மின்சாரம் பாய்ச்ச வேண்டும். 1886-இல் கண்டுபிடித்த முறைதான் இன்றும். ஒரு கிலோ அலுமினியத்துக்கு 14, 15 யூனிட். சிக்கனமான ஒரு வீடு மூன்று நான்கு நாள் புழங்கும் மின்சாரம் ஒரு கிலோ அலுமினியத்துக்குள் அடைந்து கிடக்கிறது. மேட்டூரில் அந்த உருக்காலை 2008-இல் நின்றுபோனது. மின்சாரத்தை விழுங்கும் உலோகம் என்பதால், உலகச் சந்தையில் விலை சரியும்போது இந்தத் தொழில் தாக்குப்பிடிப்பது கஷ்டம்.

1 கிலோவாட் பேனலைச் சுற்றியுள்ள சட்டம் சுமார் 6 கிலோ. உருக்குவதற்கு 90, அலுமினா பிரிக்கும் வெப்பத்தையும் சேர்த்தால் 100 யூனிட். மேலே பார்த்த சிலிக்கான் தூய்மையாக்கலுக்கு ஆன 130 யூனிட்டுக்கு இது எவ்வளவு பக்கத்தில் வந்து நிற்கிறது என்று பாருங்கள். சிலிக்கானைக் குறை சொல்கிறவர்கள் யாரும் இந்தச் சட்டத்தைக் கண்டுகொள்வதில்லை. சிலிக்கான் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வரும்போது, அலுமினியத்தின் பங்கு மெல்ல முன்னுக்கு வருகிறது.

கண்ணாடியை வேகமாகக் கடந்துவிடலாம். 37 கிலோ இருந்தாலும் கிலோவுக்கு 2 யூனிட் வெப்பம்தான் ஆகும், மின்சாரக் கணக்கில் மொத்தமே 25. கண்ணாடி உலை, எஃகு உலை போன்றவற்றின் உள்பக்கத்துக்கு வேண்டிய வெப்பம் தாங்கும் செங்கல்லுக்குச் சேலத்துச் சுண்ணாம்புக் கரட்டு மேக்னசைட் நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போய்க்கொண்டிருக்கிறது என்பது நம் ஊர்ப் பெருமைக்காகச் சொல்வது. செல்லைக் கண்ணாடியோடு ஒட்டும் பிளாஸ்டிக் தாள், செம்புப் பட்டை, ரசாயனங்கள், ஆலை நடத்தும் செலவு என்று இன்னும் 100 யூனிட் சேர்த்துக்கொள்வோம். பேனல் மட்டும் 550 யூனிட்டுக்கு வருகிறது.

கப்பலில் வருவதற்கு ஆகும் எரிபொருளைப் பற்றியும் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். ஆனால் கடல் வழி சரக்குப் போக்குவரத்து வியக்கத்தக்க அளவுக்குச் சிக்கனமானது. ஐம்பது கிலோ சரக்கைச் சீனத்திலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கும், அங்கிருந்து 340 கிலோமீட்டர் லாரியில் சேலத்துக்கும் கொண்டுவர ஆகும் டீசலை வெப்பக் கணக்கிலேயே எடுத்தாலும் 30 யூனிட்டைத் தாண்டாது. இது பேனல் ஒரு வாரத்தில் தருவது.

போக்குவரத்தைவிடக் கவனிக்க வேண்டியது மாடியில் நிற்கும் இரும்பு. நம் பக்கத்தில் மொட்டை மாடி வெறும் கூரையாகக் கிடப்பதில்லை. துணி காய்கிறது, வடகம் காய்கிறது, கோடை இரவில் ஆட்கள் தூங்குகிறார்கள். அதனால் பேனலை எட்டடி, பத்தடி உயர்த்திக் கால் நட்டுக் கட்டச் சொல்கிறோம். 1 கிலோவாட்டுக்கு 60 கிலோ இரும்பு என்று வைத்தால், கிலோவுக்கு 6, 7 யூனிட் வெப்பம், மின்சாரக் கணக்கில் மொத்தம் 130 யூனிட். சிலிக்கான் தூய்மையாக்கலுக்கு ஆனதே திரும்பவும் ஆகிறது! தளத்தை ஒட்டித் தாழ்வாகக் கட்டினால் இதில் பெரும்பகுதி மிச்சம். உயர்த்திக் கட்டுவது தவறு என்று நான் சொல்லவில்லை. பேனலுக்குக் கீழே நிழலும் கிடைக்கிறது, வீடும் குளிர்கிறது. ஆனால் கடனில் ஒரு மாதத்தைக் கூட்டியது நம் விருப்பம்தான், பேனலின் குற்றம் அல்ல.

பேனலின் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டர், கேபிள் எல்லாம் சேர்த்து மொத்தம் 800 யூனிட் என்று முடிப்போம். சேலத்துச் சமவெளியில் 1 கிலோவாட் ஒரு நாளைக்குச் சராசரி 4 யூனிட்டை ஒட்டி, ஆண்டுக்குச் சுமார் 1400 யூனிட் தரும். 800 யூனிட்டை அடைக்க ஏழு மாதம். நான் விட்டுவிட்ட சில்லறைச் செலவுகளுக்குத் தாராளமாக இடம் கொடுத்தாலும் ஓராண்டைத் தாண்டாது. உலகளவில் இந்தக் கணக்கைத் தொடர்ந்து வெளியிட்டு வரும் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனமும் இன்றைய பேனல்களுக்கு ஊரைப் பொறுத்து ஏறக்குறைய அரை ஆண்டிலிருந்து ஒன்றரை ஆண்டுக்குள் என்றுதான் சொல்கிறது. வெயில் குறைந்த வட ஐரோப்பாவிலேயே ஓராண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது.

அப்படியானால் "ஆயுசுக்கும் தராது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய முதல் சிலிக்கான் செல் வெயிலில் 6 சதவீதத்தைத்தான் மின்சாரமாக்கியது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குச் செல்கள் பெரும்பாலும் செயற்கைக்கோளுக்குப் போயின. அங்கே ஆற்றல் சிக்கனத்தை யாரும் பார்க்கவில்லை. 1970களின் எண்ணெய் நெருக்கடியில்தான் வீட்டுக்கும் சோலார் வேண்டும் என்ற பேச்சு எழுந்தது. அப்போது கணக்குப் பார்த்தவர்களுக்குப் பத்தாண்டு, அதற்கும் மேல் என்ற விடைகள் கிடைத்தன. அந்த விடைகளில் பிழை இல்லை. கம்ப்யூட்டர் சில்லுக்காகத் தூய்மையாக்கிய விலையுயர்ந்த சிலிக்கானையே அப்போது பயன்படுத்தினார்கள். கட்டியை அறுக்கும்போது பாதிக்குப் பாதி தூளாகப் போனது.

இருபது ஆண்டுகளுக்கு முன்கூட ஒரு வாட்டுக்கு 16 கிராம் சிலிக்கான் தேவைப்பட்டது. இன்று 2 கிராமுக்குச் சற்று மேல். தகட்டின் தடிமன் 300 மைக்ரானிலிருந்து 150க்கு இறங்கியது, வைரத் துகள் பூசிய கம்பி வந்து தூள் சேதத்தைக் குறைத்தது, திறன் 13 சதவீதத்திலிருந்து 21, 22 சதவீதத்துக்கு ஏறியது. நாலைந்து முன்னேற்றங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து பெருகியதால்தான் பத்தாண்டு ஓராண்டானது. பழைய எண் மட்டும் வாட்ஸ்அப்பில் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

பேனல் ஆலையை விட்டு வெளியே வரும்போதே கடன் தொகையில் பெரும்பகுதி முடிவாகிவிடுகிறது. அதை ஏழு மாதத்தில் அடைப்பதா, ஒன்றரை ஆண்டாக இழுப்பதா என்பது நம் மாடியில்தான் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். சேலத்தில் இதைக் கெடுக்கும் காரணங்கள் சில உண்டு.

வெப்பம் முதலாவது. சித்திரை மதியத்தில் நம் மாடிப் பேனல் 60 டிகிரிக்கு மேல் கொதிக்கும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.35 சதவீதம் உற்பத்தி குறையும் என்பதால், அந்த நேரத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். பேனலின் அடியில் காற்று ஓடினால் இந்த இழப்பு குறையும். உயர்த்திக் கட்டியவர்களுக்கு இரும்பில் போனதில் கொஞ்சம் இங்கே திரும்ப வருகிறது.

பிறகு நிழல். தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை, பக்கத்து வீட்டுத் தென்னை. பேனலுக்குள் செல்கள் தொடராக இணைந்திருப்பதால், ஒரு மூலையில் விழும் சின்ன நிழல்கூடப் பேனலின் மூன்றில் ஒரு பங்கை முடக்கிவிடலாம். காலை ஒன்பது முதல் மாலை நான்கு வரை நிழல் எங்கே விழுகிறது என்று மார்கழியில் ஒருமுறை பார்த்துவிட்டு இடம் குறித்தால் போதும். சூரியன் தெற்கே மிகவும் சாய்ந்து நிற்கும் மாதம் அது.

மூன்றாவதைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. பேட்டரி இல்லாமல் மின்வாரியக் கம்பியோடு இணைந்த சோலார், கம்பியில் மின்சாரம் நின்றதும் தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் காலை ஒன்பதுக்குப் போகும் மின்சாரம் மதியமோ மாலையோ வரும்போது அந்த நாளின் நல்ல வெயில் முழுக்கப் போயிருக்கும். மாதத்துக்கு ஒரு நாள் என்றால் உற்பத்தியில் மூன்று சதவீதம். சோலார் கூடிக்கொண்டே போகும் ஊரில் பராமரிப்பை வெயில் குறைந்த மாதங்களில் கூட்டி வைப்பதை மின்வாரியம் யோசிக்கலாம்.

தோட்டத்தில் போர் மோட்டாருக்குத் தனியாகச் சோலார் போடுகிறவர்களுக்கு வேறு ஒரு கணக்கு. தண்ணீர் வேண்டாத நாளிலும், போர் வற்றிய கோடையிலும் பேனல் சும்மா நிற்கும். மேலே சொன்ன ஏழு மாதம், உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டும் எங்காவது பயன்படுகிறது என்ற அடிப்படையில் போட்டது. பாதி நாள் மட்டும் ஓடும் மோட்டாருக்கு அது அப்படியே இரட்டிப்பாகும். நேர்மாறாக, பகல் முழுக்க ஓடும் விசைத்தறிக் கூடமோ ஜவ்வரிசி ஆலையோ தன் கூரையில் போட்டால் ஒரு யூனிட்கூட வீணாகாது. தம்மம்பட்டி, ஆத்தூர் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளின் காயப்போடும் களங்களைப் பார்த்தவர்களுக்கு வெயிலை எப்படிப் பயன்படுத்துவது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஏற்காட்டில் இந்தக் கணக்கு இரண்டு பக்கமும் இழுபடும். 1500 மீட்டர் உயரத்தில் காற்று குளிர்ச்சியாக இருப்பதால் பேனல் சூடேறாது, அது லாபம். ஐப்பசி, கார்த்திகையில் மதியம் வரை மூடிக்கிடக்கும் பனிமூட்டமும் மேகமும் நஷ்டம். மேகத்தின் நஷ்டம் குளிரின் லாபத்தைவிடப் பெரியது. கால்பங்கு குறைந்து ஆண்டுக்கு 1050 யூனிட்தான் கிடைக்கிறது என்று வைத்தாலும் 800 யூனிட் கடன் ஒன்பது மாதத்தில் அடைந்துவிடுகிறது. ஆனால் காப்பித் தோட்டத்துக்குள் இடம் பார்த்து, மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களை வெட்டிப் பேனல் போடுவதில் எனக்குச் சம்மதம் இல்லை. வீட்டுக் கூரையும் காப்பி உலர்த்தும் களத்தை ஒட்டிய கொட்டகைகளும் இருக்கும்போது நிழல் மரத்தில் கை வைக்க வேண்டியதில்லை.

மேட்டூர் அனல்மின் நிலையத்தையும் இதே கேள்வியால் அளந்து பார்க்கலாம். 840 மெகாவாட் பழைய பகுதியும் 600 மெகாவாட் புதிய பகுதியும் அங்கே ஓடுகின்றன. ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவை ஒட்டி நிலக்கரி எரிய வேண்டும். நிலையத்தைக் கட்டிய சிமென்ட், இரும்பின் ஆற்றலைச் சில மாதத்தில் அது தந்துவிடலாம், ஆனால் அதன் பிறகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் மூன்று யூனிட் வெப்பத்தை எரித்துக்கொண்டேதான் இருக்கும். சமமாகும் நாள் என்று ஒன்று அதற்கு வரவே வராது. நம் மாடியில் 1 கிலோவாட் ஓராண்டில் தரும் 1400 யூனிட்டை நிலக்கரியில் எடுக்க ஒரு டன் எரிய வேண்டும்.

புகைக் கணக்கு என்று தனியாகப் பார்த்தால் கொஞ்சம் கூடுதலாக இழுக்கலாம். பேனல் செய்யும் சீன மாகாணங்கள் பலவற்றில் மின்சாரம் நிலக்கரியில் வருகிறது. இங்கே ஆடிக் காற்றில் காற்றாலைகள் நிறைய ஓடும் மாதங்களில் நம் சோலார் மிச்சப்படுத்தும் நிலக்கரி கொஞ்சம் குறையும். இரண்டையும் சேர்த்தாலும் பேனலின் ஆயுளோடு ஒப்பிட அது சிறிய காலம்தான். பெரும்பாலான கம்பெனிகள் 25 ஆண்டுக்கு உத்தரவாதம் தருகின்றன. ஆண்டுக்கு அரை சதவீதம் போல உற்பத்தி தேயும். இடையில் ஒருமுறை இன்வெர்ட்டர் மாற்ற வேண்டியிருக்கும். எல்லாம் கழித்தாலும் வாங்கியதைப் போல இருபது மடங்குக்கு மேல் திருப்பித் தருகிறது. பேட்டரி சேர்த்தால் கடன் நன்றாகக் கூடும். அது பேனலைவிட முன்னதாகவே ஓய்ந்தும் போகும். மின்தடை அதிகம் இல்லாத இடத்தில் அது தேவையா என்று இரண்டு முறை யோசிப்பது நல்லது.

ஆயுள் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதும் இந்தக் கணக்கில் சேர்ந்ததே. பழைய அலுமினியத்தைத் திரும்ப உருக்க, புதிதாகப் பிரிப்பதற்கு ஆவதில் இருபதில் ஒரு பங்கு ஆற்றல் போதும். அதனால் கழற்றிய சட்டம் ஒழுங்காக உலைக்குத் திரும்பினால், அடுத்த பேனலின் கடனில் கிட்டத்தட்ட நூறு யூனிட் அப்படியே குறையும். கண்ணாடியும் திரும்பப் பயன்படும். சிலிக்கானையும் வெள்ளியையும் பிரிப்பதுதான் இன்னும் கஷ்டம், ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் விடாது. 2022-இன் மின்னணுக் கழிவு விதிகளில் சோலார் பேனலும் சேர்ந்துவிட்டது. செய்து விற்ற நிறுவனங்கள் கழிவைப் பாதுகாத்து வைக்கும் பொறுப்பை ஏற்க வேண்டும் என்று அது சொல்கிறது. புயலில் கண்ணாடி உடைந்த பேனலோ, வீடு இடிக்கும்போது கழற்றிய பேனலோ இருந்தால் குப்பையில் போடாமல், போட்டுத் தந்தவரிடம் அதைத் திரும்ப எடுப்பது யார் என்று கேளுங்கள். உடையாத பழைய பேனலாக இருந்தால் கழிவாகவே நினைக்க வேண்டாம். இருபது ஆண்டு ஓடியதுகூடப் புதிதில் தந்ததில் பத்தில் ஒன்பது பங்கு தரும், தோட்டத்தில் ஒரு சின்ன மோட்டாருக்கு அது தாராளம்.